உப்புக் காற்றில் நின்ற ஆர்எக்ஸ் 100: வாங்குவதும் எழுப்புவதும்

தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று ராமநாதபுரம் கரையோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதோ ஒரு கொட்டகையில் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று சாக்குப் போர்த்தி நிற்கும். விலை கேட்டு வருகிறவருக்கு முதலில் கிக்கரை உதைத்துச் சத்தத்தைக் காட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எஞ்சினுக்குள் இருக்கிற பாகமெல்லாம் இன்றைக்கும் கடையில் வாங்கலாம். துரு தின்னாத சேஸிஸ், கை வைக்காத எண், நேரான ஆர்சி இந்த மூன்றும்தான் கடையில் கிடைக்காது. எஞ்சின் ஜாம் ஆகி, இந்த மூன்றும் சரியாக இருக்கிற வண்டியை எடுக்கலாம். ஒரே உதையில் எஞ்சின் எழுந்தும் சேஸிஸ் அரித்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-இல் இறக்கிய வண்டி இது. 1996-இல் தயாரிப்பு நின்றது. ஆகவே எவ்வளவு 'புது' வண்டி என்று சொன்னாலும் அதற்கு ஏறக்குறைய 30 வயதாவது இருக்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 98 சிசி, 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன், நான்கு கியர். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்க உதவும். ஆர்எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50, ஆனால் போர் 58. ஆர்சியில் 98 சிசி என்று போட்டிருக்க, ஹெட்டைக் கழற்றி வெர்னியர் வைத்தால் 58 காட்டுகிறது என்றால், அது 135-இன் பிளாக் (சிலிண்டர்). வேகமாக ஓடும்தான். ஆனால் ஆர்டிஓ ஆய்விலும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் அந்த வண்டி கையைக் கடிக்கும்.

முதலில் காகிதம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆர்சி எண்ணை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் போட்டுப் பாருங்கள். பழைய கையெழுத்து ஆர்சி புத்தகங்கள் பல கணினியில் ஏறவே இல்லை. அப்படியானால் பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்திலேயே பேக்லாக் பதிவு (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போட வேண்டும். டிஎன் 65 வண்டி என்றால் ராமநாதபுரத்திலேயே வேலை முடியும். வேறு மாவட்டத்து எண் என்றால் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. கடன் பதிவு அழியாமல் இருந்தால் படிவம் 35-உம் பைனான்ஸ்காரர் கடிதமும் தேவை. வெளி மாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. முதல் 15 ஆண்டு முடிந்த பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய இரு சக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. பசுமை வரி இதில் சேராது. பல ஆண்டு புதுப்பிக்காமல் கிடந்த வண்டி என்றால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வந்து விலை பேசுங்கள்.

சேஸிஸ் எண் ஸ்டியரிங் தலைக்குழாயில் இருக்கும், எஞ்சின் எண் கிராங்க்கேஸில். மண்ணெண்ணெயில் துடைத்து, வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்தின் உயரம், இடைவெளி, ஆழம் ஒரே சீராக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி கிரைண்டர் கோடு, வெல்டு மேடு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரும்பைத் தட்டிப் பார்ப்பது

கையில் ஒரு காந்தம், கூரான திருப்புளி, டார்ச் போதும். சீட்டையும் டேங்க்கையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றவிடாத ஆளிடம் வாங்க வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பேட்டரி தட்டும் அதன் கீழ்க் குழாயும் (ஆசிட்டும் உப்பும் சேர்ந்து தின்னும் இடம் அது), சைடு ஸ்டாண்டு பிராக்கெட்டின் வெல்டு, ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) சேஸிஸில் மாட்டும் பிவட்டைச் சுற்றி, எஞ்சினுக்கு அடியில் ஓடும் குழாய்களின் அடிப்பாகம், பின் மக்கார்டு சேஸிஸைத் தொடும் இடம். திருப்புளிப் பிடியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல குழாய் கணீரென்று பேசும். உள்ளே அரித்திருந்தால் சத்தம் மொத்தையாக அடங்கும். அடங்கிய இடத்தில் கூரான முனையை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. உள்ளே இறங்கினால் அந்தக் குழாய் போச்சு. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள்.

மேலே பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். இந்தக் கரையில் குழாய் உள்ளிருந்துதான் அரிக்கிறது. உப்புத் துகளுக்கு ஈரத்தை இழுக்கும் குணம். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தொட்டாலே உப்பு கரைந்து இரும்பின் மேல் படலமாகப் படியும். இரவில் இங்கே அது தினமும் நடக்கிறது. வெளிப்பக்கம் மழையில் கழுவப்படும். குழாயின் உள்பக்கத்தைக் கழுவ ஆளில்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட்டார்கள். அதே காற்றுதான் இந்த மெல்லிய குழாயையும் தொடுகிறது.

முன் ஃபோர்க் குழாயில் சீல் ஏறி இறங்கும் பகுதியை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் குழி இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. ஒரு வாரத்தில் ஆயில் ஒழுகும். குழாய் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஹார்டு குரோம் அடித்து கிரைண்ட் செய்ய வேண்டும்.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன்பே வண்டி முழுவதையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவிடுங்கள். நல்ல தண்ணீர் என்பது காவிரிக் குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோதான். வீட்டு போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. அதில் கழுவினால் இன்னும் கொஞ்சம் உப்பு ஏற்றியதுதான் மிச்சம்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெயை முந்தின நாள் மாலையே அடித்து வையுங்கள். கிராங்க்கேஸ் கவரின் ஸ்டார் ஸ்குரூக்கள் ஜப்பானிய வெட்டு. சாதாரண ஸ்டார் திருப்புளி வைத்து முறுக்கினால் தலை வழித்துவிடும். சுத்தியால் அடிக்கும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்வது லாபம். ஸ்விங்ஆர்ம் போல்ட் புஷ்ஷுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் அடித்து வளைக்காமல், இரண்டு பக்கமும் சேஸிஸுக்கும் ஆர்முக்கும் நடுவில் ஹாக்சா பிளேடை விட்டு அறுத்துவிடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் புதிதாகப் போடப் போகிறவைதான். சேஸிஸ் காது வளைந்தால்தான் நஷ்டம்.

திரும்ப மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் ஆசை பலருக்கு உண்டு. இரும்பில் போடலாம். அலுமினிய கிராங்க்கேஸில் வேண்டாம். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து வெள்ளை மாவாகி இழையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது இழையோடு வரும். ஜிங்க் பூசிய போல்ட்டில் கிரீஸ் தடவிப் போடுவதே இங்கே சரி.

சேஸிஸ் பெயின்ட்

இந்த வேலையில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து மேலே கறுப்பு அடித்தால், ஒரு மழைக்காலத்துக்குள் பெயின்ட் கொப்பளித்து எழும். துருக் குழிக்குள் உப்பு அப்படியே இருக்கிறது. அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை இழுத்து, அடியில் புதுத் துரு வளர்க்கும்.

மணல் அடிக்கும் பட்டறையில் கடற்கரை மணலைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வேறு பட்டறை பாருங்கள். உப்பை இரும்புக்குள் அடித்து ஏற்றும் வேலை அது, அடிக்கிறவரின் நுரையீரலுக்கும் கேடு. கார்னெட் மணல் அடிப்பவரிடம் கொடுங்கள். சேஸிஸ் எண், ஸ்டியரிங் பேரிங் கிண்ணம் அமரும் இடம், இழைகள் எல்லாவற்றையும் தடித்த டேப்பால் சுற்றிக் கொடுக்க வேண்டும். எண்ணின் மேல் மணல் பட்டால் எழுத்து மழுங்கும். பிறகு ஆய்வாளரிடம் விளக்கம் சொல்லி முடியாது.

அடித்து வந்த சேஸிஸை ஒரு இரவு அப்படியே வைத்துப் பாருங்கள். காலையில் முழுக்க இளம் மஞ்சளாக மாறியிருந்தால் அது காற்றின் ஈரம், பயமில்லை. குழிகளில் மட்டும் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி வியர்த்திருந்தால் அங்கே உப்பு இருக்கிறது. அந்த இடங்களைக் கொதிநீரால் நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, மறுபடி லேசாக மணல் அடிக்க வேண்டும். புள்ளி வருவது நிற்கும் வரைக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசி முறை மணல் அடித்த பிறகு காத்திருக்கக் கூடாது. முற்பகல் 11 மணிக்கு மேல் வெயில் ஏறிய நேரத்தில், அன்றைக்கே எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட். மேலே இரண்டு டப்பா கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். கலவை விகிதமும் கோட்டுக்கு இடைவெளியும் டப்பாவில் இருக்கிறபடி. விசைப்படகுக்குப் பெயின்ட் விற்கும் கடைகளில் இந்த எபாக்ஸி எளிதாகக் கிடைக்கும்.

பவுடர் கோட்டிங் பார்வைக்கு அழகுதான். ஒரு கல் பட்டுச் சின்னதாகத் தெறித்தால் உப்பு அதன் அடியில் ஊர்ந்து, தாள் தாளாக உரிக்கும். எபாக்ஸி, பியூ என்றால் தெறித்த இடத்தில் வீட்டிலேயே தொட்டுப் பூசலாம். கடலுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் நிற்கப் போகிற வண்டிக்கு எங்கள் வாக்கு பெயின்ட்டுக்குத்தான்.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலை வேண்டாம். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று எழும்பினால் ஈரப் பெயின்ட்டில் மணல் வந்து ஒட்டும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

பெயின்ட் காய்ந்ததும் குழாய்களுக்கு உள்ளே கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் என்று கேட்டால் தருவார்கள். கால் லிட்டர் போதும். இருக்கிற துளைகள் வழியாக ஊற்றி, மற்றத் துளைகளை டேப்பால் அடைத்து, சேஸிஸை நாலா பக்கமும் புரட்டி, மீதியை வடித்துவிடுங்கள். சில நாளில் உள்ளே தோல்போலக் காய்ந்து நிற்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

மக்கார்டு, ரிம் குரோமைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவாகக் குரோம் அடிக்கும் இடங்களில் அடியில் நிக்கல் பூச்சு மெல்லியதாக இருக்கும். அந்த நுண்துளை வழியாக ஒரே பருவத்தில் துரு எட்டிப் பார்க்கும். பழைய ஒரிஜினல் பாகத்தில் மேலோட்டமான புள்ளித் துரு மட்டும் என்றால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்து மெழுகு பூசுங்கள். புதுப் பூச்சைவிட அது நாள் தாங்கும். மக்கார்டின் உள்பக்கத்துக்கு எபாக்ஸி கட்டாயம்.

எஞ்சின்

நின்ற டூ-ஸ்ட்ரோக், நின்ற ஃபோர்-ஸ்ட்ரோக்கைவிட மோசமாகக் கெடும். கிராங்க் குளிக்க ஆயில் இல்லை. பெட்ரோலோடு வருகிற ஆயில் மட்டும்தான். வண்டி நின்றபோது எந்த போர்ட் திறந்திருந்ததோ அதன் வழியாகக் கடல் காற்று நேரே கான்ராட் பேரிங் வரை போகும். ஊசி பேரிங் இருந்த இடத்தில் கோடு கோடாகத் துரு விழும். அப்படிப்பட்ட எஞ்சினும் உதைத்தால் எழும், கொஞ்ச தூரம் ஓடும், பிறகு பிக்எண்டு உடைந்து பிளாக்கையும் கெடுக்கும். ஆகவே பல ஆண்டு நின்ற வண்டி என்றால், ஓடினாலும் கிராங்க்கேஸைப் பிரித்துவிடுவதே சிக்கனம்.

எஞ்சின் ஜாம் என்றால் கிக்கரில் ஏறி மிதிக்காதீர்கள். கிக் கியரின் பல் உடையும். பிளக் துளை வழியாக டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சமமாகக் கலந்து 50 மி.லி. ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு இடது பக்கம் மேக்னெட்டின் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லர் கட்டாயம். சுத்தியால் தட்டினால் கிராங்க் வளையும்.

வாங்க வேண்டியவை: கான்ராட் கிட், கிராங்க் பேரிங் இரண்டு, கிராங்க் ஆயில் சீல் இரண்டு, கியர், கிக்கர், ஸ்ப்ராக்கெட் தண்டுகளின் சீல்கள், முழு பேக்கிங் செட், பிஸ்டன் கிட். பேரிங் வாங்கும்போது பழையதன் முகத்தில் பொறித்த எண்ணோடு கடைசியில் வரும் சி3 அல்லது சி4 குறியையும் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாத சாதாரண பேரிங் சூடேறினால் இறுகும். கிராங்க்கை அழுத்திச் சேர்த்த பிறகு லேத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் ஆட்டம் 0.03 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் 'சரியாக இருக்கு' என்று சொல்லும் பட்டறை வேண்டாம்.

பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளாக ஒரு மி.மீ. ஓவர்சைஸ் வரை போகலாம். 51 மி.மீ.-க்கு வந்தால் கொள்ளளவு 102 சிசி. அதற்கு மேல் புது ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உருளை) போட வேண்டியதுதான். முதலில் பிஸ்டனை வாங்கி லேத்துக்காரரிடம் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்குத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 0.04 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. 0.02 என்றால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே ஜாம் ஆகும். 0.10 என்றால் குளிரில் தகரம் தட்டுவதுபோல் பேசும். ரிங் வாய் இடைவெளியை சிலிண்டருக்குள் நேராக வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள், 0.15 முதல் 0.35 வரை.

பலரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு. போர் அடித்த பிறகு போர்ட்டுகளின் விளிம்பு கத்தியாக நிற்கும். அதை நுண்ணிய அரத்தாலும் எமரியாலும் சுற்றிலும் மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். 'புது போர், புது பிஸ்டன், ஆனாலும் ரிங் உடைஞ்சுபோச்சு' என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள ஊசியில் உட்கார வேண்டும். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடக் கூடாது.

இனி கசிவுச் சோதனை. இதைச் செய்யாமல் எஞ்சினைச் சேஸிஸில் ஏற்றாதீர்கள். சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, ஒரு தகட்டில் சிறு குழாய் செருகி, பழைய பி.பி. கருவியின் பல்பையும் மீட்டரையும் அதில் மாட்டுங்கள். மீட்டர் 250 காட்டும் வரை அமுக்குங்கள். அது ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்புத் தண்ணீர் தடவினால் எங்கே என்று தெரியும். இடது மேக்னெட் பக்க சீல் கசிந்தால் எஞ்சின் வெறும் காற்றை இழுக்கும். ஐடில் தானாக எகிறும், பிளக் வெளுக்கும், கடைசியில் பிஸ்டனில் ஓட்டை. வலது கிளட்ச் பக்க சீல் கசிந்தால் கியர் ஆயிலைக் குடிக்கும்; வெண்புகை அடங்காது, கியர் ஆயில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

டேங்க், கார்பரேட்டர், சைலன்சர்

டேங்க் சுமார் 10 லிட்டர். பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்து, வெந்நீரில் அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். துரு தடித்திருந்தால் உள்ளே ஒரு துண்டுச் சங்கிலி போட்டுக் குலுக்கலாம். போடும்போது கணுக்களை எண்ணிக்கொண்டு, எடுக்கும்போதும் எண்ணுங்கள். வடித்தவுடன் 100 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், உடனே ஹேர் டிரையர். காய்ந்ததும் 100 மி.லி. 2டி ஆயில் ஊற்றிச் சுழற்றினால்தான் மறுநாள் மறுபடி சிவக்காது. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்க்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவது நல்லது. பழைய ரப்பர் குழாய்களை அந்த எத்தனால் ஊறவைத்து வெடிக்கச் செய்யும். இன்லெட் மேனிஃபோல்டை வளைத்துப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கார்பரேட்டர் மிக்குனி விஎம்20. ஜெட்டில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகும். மெல்லிய தூண்டில் நரம்பு கனகச்சிதமாக நுழையும். ஊசியின் கிளிப் நடுப் பள்ளத்தில். ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கலாம்.

சைலன்சரின் பின்னால் உள்ள போல்ட்டைக் கழற்றினால் உள்குழாய் வெளியே வரும். அதன் கரியை எரித்தோ காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தோ எடுக்கலாம். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். சிலிண்டர், ஹெட், கார்பரேட்டர் எதையும் அதன் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்; அலுமினியத்தைத் தின்றுவிடும்.

வயரிங், பிரேக்

வயரிங்கில் பாதிக் கோளாறு எர்த்தில். கம்பியின் முனையை உரித்தால் பச்சைக் களிம்பு உள்ளே ஏறியிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிப் புது டெர்மினல் போட்டு, எர்த் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கியபின் வாசலின் பூசுங்கள். மேக்னெட்டின் உள்சுவரில் துரு இருந்தால் எமரியால் எடுத்துவிட்டு, இரும்புத் தூளைத் துடைத்த பின்பே மாட்டுங்கள். பிரேக் ஷூவின் லைனிங் தடிமன் இருந்தாலும், ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். உப்பு ஏறிய ஷூவில் ஒட்டு விட்டிருக்கும். ஓடும்போது பிய்ந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

முதல் ஓட்டம்

ஆயில் பம்ப்பை முதல் நாளே நம்ப வேண்டாம். பம்ப்பின் காற்றை அதன் ஸ்குரூ வழியாக முழுக்க எடுத்துவிட்டு, முதல் டேங்க்குக்கு லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள். புகை அதிகம் வரும், பரவாயில்லை. ஆயில் டேங்க்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்து மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அடுத்த முறை வெறும் பெட்ரோல். பம்ப்பைக் கழற்றிவிட்ட வண்டி என்றால் முதல் 500 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 40 மி.லி., பிறகு 30.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் நெடுஞ்சாலை நேராக இருப்பதால் ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு போகத் தோன்றும். புது போருக்கு அது ஆகாது. ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். நடு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு என்றால் சரி. வெள்ளை என்றால் அதற்கு மேல் ஓட்டாமல் மேனிஃபோல்டையும் மேக்னெட் பக்க சீலையும் பாருங்கள். கறுப்பும் ஈரமும் என்றால் ஊசிக் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள்.

பாம்பன் பாலத்தைத் தாண்டியோ அரிச்சல்முனை வரையோ போய் வந்தால், அன்றைக்கே எஞ்சின் ஆறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்: மக்கார்டின் உள்பக்கம், ஸ்விங்ஆர்ம் அடி, ஸ்போக் நிப்பிள். பிறகு செயினுக்கு எண்ணெய். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். பருத்திப் போர்வை போதும், வண்டியைக் கடல் பார்க்காத சுவரோரம் நிறுத்துங்கள்.